உடையாத ரோடு ரோலர்

மிதுனின் பொம்மை உடைந்தால்தான் மிதுன் வளர்வான், உடையாத வரைக்கும் வளரமாட்டான். பெட்டிச் சந்தில் இது தெரியாதவர்கள் யாருமில்லை, இதைப் பெரிய அதிசயமென்று சொன்னவர்களும் யாருமில்லை. மாதவரத்துக்கு அந்தப் பக்கம், லாரிகள் வரிசைகட்டி நிற்கிற மைதானத்துக்குப் பின்னால் இருக்கிறது அந்தச் சந்து. துறைமுகத்திலிருந்து வருகிற மரப்பெட்டிகளைப் பிரித்து, ஆணி பிடுங்கி, பலகையைத் தனியாகவும் ஆணியைத் தனியாகவும் விற்கிற கிடங்குகள் இரண்டு பக்கமும் இருப்பதால் அந்தப் பெயர். அங்கே இருக்கிற ஜனங்களுக்குத் தண்ணி லாரி சொன்ன நேரத்துக்கு வந்தால் அதுதான் அதிசயம். ஒரு பிள்ளை எப்படி வளர்கிறான் என்பது அவரவர் வீட்டுச் சமாசாரம்.

முதலில் உடைந்தது கிலுகிலுப்பை. தேர்த் திருவிழாவில் வாங்கிய பிளாஸ்டிக் கிலுகிலுப்பையைச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்து, உள்ளேயிருந்த மணியெல்லாம் தரையில் உருண்டோட உடைத்துப்போட்டுவிட்டு அன்று ராத்திரி குப்புறப் படுத்துத் தூங்கிய கைக்குழந்தை, விடிந்ததும் அரிசி ட்ரம்மைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். அவன் அம்மா கஸ்தூரி ஐயையோ என்று ஒரு தடவை கத்தினாள், இரண்டாவது தடவையும் கத்தினாள், மூன்றாவது தடவை கத்துவதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டதால் அதை இறக்கப் போய்விட்டாள். எதிர் வீட்டு இட்லிக்கடை டெய்சி அக்காதான் வந்து கேட்டாள்.

"இன்னாடி கஸ்தூரி, நேத்து உம்புள்ள புரண்டுனு கெடந்தான், இன்னிக்கி நடந்து வந்து எங்கடையில இட்லிக்குக் கை நீட்டுறான்?"

"தெர்லக்கா. ராத்திரி பொம்மைய ஒடச்சான். அவ்ளோதான்."

"ஓ," என்றாள் டெய்சி அக்கா. அப்புறம், நடக்கிற பிள்ளைக்குப் பசிக்கும் என்று இன்னொரு இட்லி வைத்தாள்.

அடுத்து ஒரு குட்டி மேளம் கிழிந்தது, அவனுக்கு இரண்டு வயசானது. உடம்பு ராத்திரியிலேயே வந்துவிடும், பேச்சும் புத்தியும் வழி கேட்டுக்கேட்டுப் பின்னால் மெதுவாக நடந்து வரும். அதுவரைக்கும் அவன் புது உடம்புக்குள் பழைய பிள்ளையாக முழித்துக்கொண்டிருப்பான். கணக்கைச் சரியாகப் பிடித்தவள் அவனுடைய அக்கா எழிலரசி. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்காமல் போனதால் அவள் அவனைவிட ரொம்பப் பெரியவள், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள், எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். "ஒரு பொம்மை போனா ஒரு வயசு வருது. இதுக்கு எதுக்கு கும்பல் கூடி நிக்கிறீங்க, வேல இல்லையா?" என்று வாசலில் நின்றவர்களைக் கேட்டாள். வேலை இருந்தது, போய்விட்டார்கள்.

ஆனால் சந்து அதை மறக்கவில்லை, தனக்குத் தகுந்தபடி மடித்து வைத்துக்கொண்டது. மிதுனைப் பார்க்க வருகிறவர்கள் பொம்மை வாங்கி வருவதை நிறுத்தி வாழைப்பழம் வாங்கி வந்தார்கள். சைக்கிளில் பொம்மை விற்றுக்கொண்டு வருகிறவரை, அந்த வீட்டைத் தாண்டும்வரை பீப்பி ஊதாதே என்று சொல்லிவைத்தார்கள். டெய்சி அக்கா, தன் மகள் ரூபியும் சீக்கிரம் வளர்ந்து கடைக்கு ஒத்தாசையாக வரட்டுமென்று ரூபியின் பொம்மை ஒன்றை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிப் பார்த்தாள். ரூபி வளரவில்லை, மூன்று நாள் அழுதாள். ஆணி பிடுங்குகிற ஆட்கள், "ஒரு டஜன் பொம்மைய வாங்கி ஒரே அடியா ஒட, பையன் நாளைக்கே வேலைக்கு வந்துருவான்" என்று கஸ்தூரியைக் கிண்டல் செய்தார்கள். அவள் சிரித்தாள், ஆனால் அன்றிலிருந்து பிள்ளையின் கையில் டம்ளரைக்கூடப் பயந்து பயந்துதான் கொடுத்தாள்.

அவள் பயந்ததற்குக் காரணம் இருந்தது. அவள் குவைத்துக்குப் போக வேண்டியிருந்தது. மிதுன் வயிற்றிலிருந்தபோது குஜராத்துக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன புருஷன் திரும்பவில்லை. லாரி வந்தது, அவன் வரவில்லை, கேட்டதற்கு லாரியை ஓட்டிவந்தவன் பீடி பற்றவைத்தான். வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றார்கள், இரண்டு வருஷம் என்றார்கள், சோற்றுக்கு வேறு வழி தெரியவில்லை, பாஸ்போர்ட் வந்துவிட்டது. கிளம்புகிற வாரம் முழுக்க அவள் மிதுனை இடுப்பிலிருந்து இறக்கவேயில்லை, இடுப்பிலேயே வைத்துக்கொண்டு சோறு வடித்தாள், இடுப்பிலேயே வைத்துக்கொண்டு தண்ணி பிடித்தாள், கடைசி நாள் எழிலைக் கூப்பிட்டாள்.

"எழிலு, நான் வர்றதுக்குள்ள இவன் பொம்மையா ஒடச்சி ஒடச்சி மீசையோட நிப்பான். யாருடா நீன்னு நான் கேக்கணும், யாருமா நீன்னு அவன் கேப்பான். என்னால முடியாதுடி. நான் விட்ட அளவுலயே வெச்சுக்கோ. என் இடுப்புல ஏர்ற அளவுலயே."

"சரிம்மா."

"நான் பாக்காம ஒரு பல்லு மொளைக்கக் கூடாது."

"சரின்னு சொல்லிட்டேன்ல. அழுவாம கெளம்பு, ஃபிளைட்டு நிக்காது."

அம்மாவை அனுப்பிவிட்டு வந்த எழில் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, அப்புறம் போகவே இல்லை. பிள்ளையை யார் பார்ப்பது? சந்து முனையில் சிக்கந்தர் பாயின் கிடங்கில் ஆணி பிடுங்கப் போனாள், மிதுனை ஒரு காலிப் பெட்டிக்குள் உட்காரவைத்துவிட்டு வேலை செய்தாள். அங்கேயே, கிடைத்த பைன் பலகையில் அவனுக்கு ஒரு குதிரை செய்து ஆணி அடித்துக் கொடுத்தாள். பிளாஸ்டிக்தானே உடைகிறது, மரம் நிற்கும் என்று நினைத்தாள். குதிரை தீபாவளி வரைக்கும் நின்றது. தீபாவளியன்று ஒரு கால் ஆணியோடு கழன்று வந்தது, மறுநாள் மிதுனுக்கு மூன்று வயசு. வெள்ளிக்கிழமை போனில் வந்த கஸ்தூரி வீடியோவில் அவனைக் கிட்டே வரச் சொல்லிப் பார்த்தாள். "வளந்துட்டான்ல," என்றாள். "நான் வந்து ஒரு மாசம்கூட ஆவலயேடி."

எழிலுக்கு அன்று வந்த கோபம் ஆணியின் மேல் வந்தது. பகல் முழுக்க அவள் கையில் குறடு இருந்தது, பகல் முழுக்க அவள் பார்த்தது என்னவென்றால், எவனோ எந்த ஊரிலோ பலமாக அடித்த ஆணியெல்லாம் கொஞ்சம் நெம்பினால் வந்துவிடுகிறது, ஆணி அடித்த எதுவும் ஒருநாள் பிரிந்துவிடுகிறது, பிரிக்கிறதுதான் இந்தச் சந்தின் பிழைப்பே. அதனால் ஆணியே இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்று முடிவு செய்தாள். சிக்கந்தர் பாயின் கிடங்கின் மூலையில், கப்பலில் இரும்புச் சுருளுக்கு அடியில் முட்டுக் கொடுத்து வந்த ஒரு கட்டை கிடந்தது, எந்த நாட்டு மரமென்று பாய்க்கே தெரியாது, கறுப்பு, இரும்புக் கனம், மழையில் நனைந்தால் மிளகு வாசம் அடிக்கும், வாங்குகிறவன் ரம்பத்தின் பல் போய்விடும் என்று தொடமாட்டான்.

"பாய், இது எனக்கு வேணும்."

"தூக்க முடிஞ்சா எடுத்துக்கோ," என்றார் பாய், அவளால் முடியாது என்று நினைத்து. அவள் உருட்டிக்கொண்டு போனாள்.

என்ன செய்வது என்பதில் யோசனையே இல்லை. அந்த வாரம்தான் சந்துக்கு முதல்முறையாகத் தார் ரோடு போட்டார்கள், மஞ்சள் கலர் ரோடு ரோலர் ஒன்று வந்து முன்னே போய்ப் பின்னே வந்து எதையும் கண்டுகொள்ளாமல் எல்லாவற்றையும் நசுக்கிவிட்டுப் போனது, மிதுன் அதன் பின்னாலேயே நடந்து, அது மெயின் ரோட்டில் திரும்பி மறைந்தபோது செத்துப்போனவர்களுக்கு அழுவது மாதிரி அழுதான். ஆகவே எழில் ரோடு ரோலர் செய்தாள். கட்டையை வெட்டி, உருளையை உருட்டி இழைத்து, துளை போட்டு, துளைக்குள் ஆணிக்குப் பதில் அதே மரத்தில் முளை செதுக்கி இறக்கி, முளை ஈரத்தில் ஊதி இறுகட்டுமென்று ராவெல்லாம் தண்ணியில் போட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி தண்ணியில் போட்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் செய்தாள். எங்கே ஒன்று முடிந்து எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று விரலால் தடவினாலும் தெரியாது. செய்து முடித்ததும் பாயின் டெம்போவுக்கு அடியில் வைத்து ஏற்றச் சொன்னாள். டெம்போ ஒரு பக்கம் எழும்பி இறங்கியது. ரோலரில் கீறல்கூட இல்லை.

"இந்தாடா. இத ஒடைக்க உங்கொப்பன் வந்தாலும் முடியாது," என்று மிதுனிடம் கொடுத்தாள். மிதுன் அதை மடியில் வைத்துக்கொண்டான், முத்தம் கொடுத்தான், அதன் முதுகில் தலையை வைத்துத் தூங்கினான், அன்றோடு நின்றான்.

நின்றான் என்றால் அப்படியே நின்றான். சலூனில் ஒருமுறை வெட்டிய முடி வெட்டிய அளவிலேயே இருந்தது, நகம் வளரவில்லை, செருப்பு தேய்ந்ததே தவிரச் சின்னதாகவில்லை. ஒரு வருஷம் போனது, இன்னொன்று போனது, பெட்டிச் சந்துக்கு எப்போதும் மூன்று வயசில் ஒரு பிள்ளை இருப்பது பழகிப்போனது, பழகினதும் இல்லாமல் வசதியாகவும் போனது. புது மருமகள் வீட்டுக்குள் வந்தால் மடியில் உட்காரவைக்க ஆண்பிள்ளை வேண்டும், மிதுனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். வளைகாப்பு என்றாலும் மிதுன்தான். அவனை மடியில் வைத்துக்கொண்ட மருமகள்கள் பெற்ற பிள்ளைகள் அவனைவிடப் பெரிசாகி அவனிடமே மிட்டாய் பிடுங்கித் தின்றன. கிருஷ்ண ஜெயந்திக்கு அரிசிமாவில் முக்கி வாசல் வாசலாக வைத்த பாதம் எல்லா வருஷமும் அதே பாதம், போன வருஷத்துக் கறையின் மேல் ஒரு நூல் பிசகாமல் உட்கார்ந்தது. சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்ஸம்மா, "இவனுக்கு ஊத்தி ஊத்தி எனக்கே போலியோ வராது போல" என்றாள். பால்வாடி ஸ்டெல்லா டீச்சர் மாதாமாதம் அவனை எடைக்கொக்கியில் தொங்கவிட்டு, முள் நிற்கிற இடத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு இறக்கினாள். "எல்லாப் புள்ளைங்களும் என்னை விட்டுட்டு ஸ்கூலுக்குப் போயிடும், இவன்தான்டி எனக்கு மிஞ்சினவன்," என்று எழிலிடம் சொன்னாள். சந்தோஷமாகச் சொல்கிறாளா வருத்தமாகச் சொல்கிறாளா என்று எழில் பார்த்தாள், இரண்டுமாக இருந்தது.

கஸ்தூரிக்கு இரண்டு வருஷம் முடிந்து இன்னும் இரண்டு வருஷமானது, அது முடிந்து இன்னொரு இரண்டானது. மேடம் விடவில்லை என்றாள் ஒருமுறை, பாஸ்போர்ட் அவர்கள் கையில் இருக்கிறது என்றாள் ஒருமுறை, வந்தால் திரும்பப் போக முடியாது, போகாவிட்டால் என்ன தின்பீர்கள் என்றாள் ஒருமுறை. வெள்ளிக்கிழமை தவறாமல் போனில் வந்தாள். மிதுனைத் திரும்பச் சொல்லுவாள், நிற்கச் சொல்லுவாள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பாள். "அப்படியே கீறான்," என்பாள். "அப்படியே கீறான்டி எழிலு."

"உன் வருசமெல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். வந்து ஒவ்வொண்ணா வாங்கிக்கோ," என்பாள் எழில். அவள் அதை உண்மையாகவே நம்பினாள். அம்மா வந்த பிறகு ஒரு பொம்மையை உடைப்போம், நாலு வயசு வரும், அம்மா பார்ப்பாள். இன்னொன்றை உடைப்போம், அஞ்சு வரும், பல் விழும், பள்ளிக்கூடம் சேர்ப்போம், அம்மா பார்ப்பாள். வருஷம் எங்கே ஓடிவிடும்? ரோலருக்குள் இருக்கிறது.

ஆனால் ரூபி இருந்தாளே. மிதுனும் ரூபியும் ஒரே தட்டில் இட்லி தின்றவர்கள், ஒரே பாயில் மூத்திரம் போனவர்கள். ரூபிக்கு நாலு வயசானது, கேக் வெட்டினாள். அஞ்சு ஆனது, கேக் வெட்டினாள். யூனிபார்ம் போட்டுக்கொண்டு தண்ணி பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். வேன் போன பிறகு மிதுன் ரோலரை உருட்டிக்கொண்டு சந்து முனை வரைக்கும் போய் அங்கேயே உட்கார்ந்திருப்பான். ஒருநாள் வேனிலிருந்து இறங்கிய ரூபி, பையை டெய்சி அக்காவிடம் கொடுத்துவிட்டு, அவன் அழுகிறான் என்று அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அழாதடா கண்ணா, அக்கா வந்துட்டேன்ல," என்றாள். டெய்சி அக்கா மாவுக் கரண்டியோடு அப்படியே நின்றாள். எழில் கிடங்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள், கையிலிருந்த குறடு எதைப் பிடித்திருந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் மிதுன் ரோலரை எழிலின் காலடியில் கொண்டுவந்து வைத்தான்.

"அக்கா, இத ஒட."

"ஏன்டா?"

"எனுக்கு நாலு வேணும்."

எழில் சுத்தியை எடுத்தாள். எடுத்த உடனேயே அவன் ரோலரை வாரி மார்போடு அணைத்துக்கொண்டு, "அடிக்காத, அதுக்கு வலிக்கும்" என்று கத்தினான். மூன்று வயசுப் பிள்ளை வேறு எப்படி இருக்கும். "அம்மா வரட்டும்டா," என்றாள் எழில். "அம்மா வந்து குடுக்கும் நாலு."

அம்மா வந்தாள். ஒரு மாச லீவில், முன்தலை நரைத்து, இரண்டு பெரிய பெட்டியோடு, வேறு யாரோ ஒருத்தி மாதிரி மெலிந்து வந்தாள், ஏர்போர்ட் வாசலில் மிதுனைத் தூக்கி இடுப்பில் வைத்தவுடன் பழைய கஸ்தூரி ஆகிவிட்டாள். அளவு சரியாக இருந்தது, இடுப்பு எலும்பில் அவன் தொடை எங்கே அழுத்துமோ அங்கேயே அழுத்தியது. எழிலைப் பார்த்து, "நீ சொன்னத செஞ்சிட்ட," என்றாள். அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள், ஆனால் அப்போதும் மிதுனை இறக்கவில்லை. சந்தே திரண்டு வந்து பார்த்தது. "பாத்தியா, ஒரு இன்ச் கூட கொறையாம ஒப்படைச்சிட்டோம்," என்றார்கள், அவர்களே அடைகாத்த மாதிரி.

மூன்றாம் நாள் காலையில் மிதுன் அவள் மடியிலிருந்து அவள் முகத்தைத் தொட்டு, "ஆண்டி, போன் குடு," என்றான்.

"எதுக்குடா செல்லம்?"

"அம்மா கிட்ட பேசணும். ரோலர் காட்டணும்."

"நான்தான்டா அம்மா."

மிதுன் அவளை நன்றாகப் பார்த்தான். பிறகு, பாவம், அவளுக்குத் தெரியவில்லை என்பது மாதிரி, பொறுமையாக, "அம்மா போன்ல இருக்கும்," என்றான்.

கஸ்தூரி சிரித்தாள். எழிலும் சிரித்தாள். அடுத்த நாளும் போன் கேட்டான், அதற்கடுத்த வாரமும் கேட்டான், வெள்ளிக்கிழமை போன் வரவில்லையென்று விம்மி விம்மி அழுதான், அவனை மடியில் வைத்துக்கொண்டு சமாதானப்படுத்தியவள் கஸ்தூரி. அவள் பக்கத்து அறைக்குப் போய், அறை என்ன அறை, ஒரு புடவையைக் குறுக்கே கட்டியிருந்தார்கள், அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, எழிலின் போனுக்கு வீடியோ போட்டு, "டேய் மிதுனு" என்றாள். புடவைக்கு இந்தப் பக்கம் அவன் துள்ளிக் குதித்து ரோலரைத் தூக்கிக் காட்டினான். ஒரு மாசத்தில் அவள் அவனோடு நிம்மதியாகப் பேசியது அந்தப் புடவைக்குப் பின்னாலிருந்துதான்.

லீவு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கஸ்தூரி சொன்னாள்: "எழிலு, இன்னும் ரெண்டு வருசம் கையெழுத்துப் போட்டுட்டேன். இப்படியே வெச்சுக்கோ."

"முடியாது."

"இன்னாடி முடியாது?"

"முடியாதுன்னா முடியாது. ரூபி அவன இடுப்புல தூக்கி வெச்சிக்கிறா. நாளைக்கு ரூபியோட புள்ள தூக்கும். நீ வருவ, போவ, வருவ, போவ, அவன் ரோலர உருட்டிக்கினே இருக்கணுமா? இல்ல நீ இங்கேயே இருந்துடு."

"இருந்தா துன்றதுக்கு?"

"நான் ஆணி புடுங்கறேன்ல?"

"உன்ன ஆணி புடுங்க உட்டுட்டு நான் இங்க குந்தினு இருக்கவா? உன்னப் பத்தி யோசிக்கவே என்னிக்கும் எனக்கு நேரம் கெடைக்கல, அதும் எனக்குத் தெரியும். வாய மூடு."

எழில் வாயை மூடினாள். அவள் அதைக் கேட்டு அழக்கூடியவள் இல்லை, ஆனால் அழுதாள். வெளியே டெய்சி அக்கா இட்லித் தட்டைத் துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள், சந்தில் செய்தி பரவியது, வளைகாப்புக்கு நாள் குறித்தவர்கள் உடைக்க வேண்டாம் என்றார்கள், ஸ்டெல்லா டீச்சர் உடையுங்கள் என்றாள், சிக்கந்தர் பாய், "உடைக்கறதா? முதல்ல உடையுமா அது?" என்றார். கஸ்தூரி சாயங்காலம் வரைக்கும் மிதுனை இடுப்பில் வைத்துக்கொண்டு சந்தில் நடந்தாள். பிறகு தானே வந்தாள்.

"ஒரு வயசு. ஒண்ணே ஒண்ணு. நாலு ஆவட்டும். நான் இருக்கச்சேயே ஆவட்டும், என் கண்ணு முன்னால அவன் வளர்றத ஒரு தடவையாவது நான் பாத்துட்டுப் போறேன். அப்பால நீ வேற பொம்மை செஞ்சு குடு."

மறுநாள் நடுப்பகலில், வாசலில், எல்லோரும் பார்க்க, எழில் சுத்தி, உளி, ரம்பம் மூன்றையும் எடுத்து வைத்தாள். மிதுனிடம் கேட்டாள். "நாலு வேணுமா ரோலர் வேணுமா?" அவன் ரொம்ப யோசித்தான். "நாலு," என்றான். ரோலரை அவளிடம் கொடுத்துவிட்டு ரூபியின் பாவாடையில் முகத்தை மூடிக்கொண்டான். சுத்தி தெறித்தது. உளி மழுங்கியது. ஆணி இருந்தால் பிடுங்கலாம், ஆணியே இல்லை. அவள் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள். ரம்பத்தை வைத்தால் கட்டை கீழே வழுக்கிக்கொண்டே போனது, யாராவது அந்தப் பக்கம் பிடிக்க வேண்டும். ஆணி பிடுங்குகிற ஆம்பளைகள் அத்தனை பேர் நின்றார்கள், ஒருத்தனும் முன்னால் வரவில்லை. கஸ்தூரி எழுந்து வந்து, புடவையைச் செருகிக்கொண்டு, உட்கார்ந்து, இரண்டு காலாலும் இரண்டு கையாலும் ரோலரைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்," என்றாள். "அறு."

வெயில் சாயும்வரைக்கும் அறுத்தார்கள். கறுப்பு மரத்தூள் கஸ்தூரியின் மடியில் குவிந்தது, சந்து முழுக்க மிளகு வாசம் அடித்தது, எல்லோருக்கும் தும்மல் வந்தது, யாரும் போகவில்லை. ரோலர் இரண்டாகப் பிரிந்தபோது பெரிதாகச் சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. மிதுன் ஓடிவந்து இரண்டு துண்டையும் ஒட்டிவைத்துப் பார்த்தான், விட்டால் விழுந்தது, மறுபடி ஒட்டிவைத்தான். அழுதழுது அப்படியே தூங்கினான். கஸ்தூரி அவன் பக்கத்தில் படுத்து, கண்ணை மூடமாட்டேன், இன்றைக்கு நான் பார்ப்பேன் என்று சொல்லி, அவன் மார்பின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

பார்க்கவில்லை. ஒரு மாசமாகத் தூங்காதவள், ஆறு வருஷமாகத் தூங்காதவள், தூங்கிப்போனாள்.

விடிந்தபோது மார்பில் வைத்த கை வயிற்றில் இருந்தது. பாய்க்கு வெளியே இரண்டு நீளக் கால்கள் சிமெண்ட் தரையில் கிடந்தன. சட்டை அக்குளில் கிழிந்திருந்தது. எலும்பெல்லாம் வலிக்கிறதென்று முனகிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தவன் நாலு வயசுப் பிள்ளை இல்லை, ஒன்பது வயசுப் பையன், வெளியே பல் துலக்கிக்கொண்டிருந்த ரூபியின் உயரம். ஒரு பொம்மைக்கு ஒரு வயசு என்று எழில் போட்ட கணக்கு தப்பு. ரோலர் எதையும் எடுத்து வைத்திருக்கவில்லை. நிறுத்திவைத்த அத்தனையும் ஒரே ராத்திரியில் அவன்மேல் ஏறிப் போயிருந்தது, நடுவில் ஒன்றுகூட யாருக்கும் நிற்கவில்லை. பாயின் மேல், தலையணைக்குப் பக்கத்தில், அவன் பால்பற்கள் உதிர்ந்து கிடந்தன. பல் விழுந்தால் ஒவ்வொன்றாகச் சாணியில் உருட்டிக் கூரைமேல் எறிய வேண்டும், பிள்ளை கைதட்ட வேண்டும். கைநிறையப் பல்லை என்ன செய்வதென்று கஸ்தூரிக்குத் தெரியவில்லை, பொறுக்கிப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள்.

"அம்மா, என்னத் திட்டு," என்றாள் எழில். "ஏதாவது பேசு."

கஸ்தூரி முந்தானை முடிச்சை இன்னும் இறுக்கினாள். அவளுக்கு ஃபிளைட் அன்றைக்குத்தான். ஆட்டோ சந்துக்குள் வந்து நின்று ஹாரன் அடித்தது. டெய்சி அக்கா வாசலில் வந்து நின்று உள்ளே பார்த்துவிட்டு, ஆட்டோக்காரனிடம் போய், கொஞ்சம் இருய்யா என்றாள்.

மிதுன் தன் கையைப் பார்த்தான், காலைப் பார்த்தான், நாக்கால் புதுப் பல்லைத் தொட்டுப் பார்த்தான். உடம்புதான் வந்திருந்தது, புத்தி இன்னும் வழியில் இருந்தது.

"அக்கா, எனுக்கு நாலா?"

எழிலுக்குப் பொய் சொல்ல வராது. "இல்லடா. ஒம்போது."

"நாலு எங்க?"

"வரலடா."

"அஞ்சு?"

"அதுவும் வரல."

அவன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான். அக்கா எதையும் தொலைக்கிறவள் இல்லை, மிட்டாய் டப்பாவைக்கூட எங்கேயாவது மேலே வைத்துவிட்டு இல்லை என்பாள்.

"எங்க வெச்ச?" என்றான். கேட்டுவிட்டு அவனே தேடத் தொடங்கினான். புது உயரத்துக்குப் பழகாமல் அலமாரியில் தலையை இடித்துக்கொண்டு மேல் தட்டைப் பார்த்தான், தலையணையை உதறினான், பாயைச் சுருட்டிப் பார்த்தான், புடவைத் திரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு அங்கேயும் இல்லை என்று வந்தான். ஆட்டோ மறுபடி ஹாரன் அடித்தது. கஸ்தூரி பெட்டியைத் தூக்கி வாசல்படி வரைக்கும் போனாள், நின்றாள், பெட்டியைக் கீழே வைத்தாள், உள்ளே வந்து மகன் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து, அரிசி ட்ரம்மை நகர்த்தி, அதன் பின்னால் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தாள்.